இங்கிலீஷ் கற்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: டெல்டாக்காரர்களுக்காக

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கங்களிலிருந்து மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கல்லூரி மாணவர்கள், சிங்கப்பூர் வேலைக்குக் காத்திருப்பவர்கள், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று வரும் அம்மாக்கள் என்று ஆள் வேறு வேறு. பிழைகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான், ஏனென்றால் எல்லோரும் தமிழில் யோசித்துவிட்டு இங்கிலீஷில் சொல்கிறோம். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் தமிழில் அது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷ் வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பதில் என்ன தப்பு?

'-இங்' வருவது, இந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு. தம்பிகள் இருப்பது ஒரு செயல் இல்லை, நிலை. "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" போதும்.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. சொல்ல வந்ததைக் 'கொண்டிருக்கிறேன்' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" சரியாக இருக்கிறது, அதனால் "ஐ ஆம் ஈட்டிங்" சரி. "எனக்கு ரெண்டு தம்பி இருந்துகொண்டிருக்கிறார்கள்" என்றால் நமக்கே சிரிப்பு வரும். "அவரை எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்றும் யாரும் சொல்வதில்லை. அங்கெல்லாம் இங்கிலீஷிலும் '-இங்' வராது. நோ (தெரியும் என்ற பொருளில்), அண்டர்ஸ்டாண்ட், வான்ட், பிலீவ், பிலாங் ஆகியவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரிதான். அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது.

இதே வகையில் இன்னொன்று: "ஐ ஆம் கமிங் ஃப்ரம் திருவாரூர்" என்றால் இப்போது திருவாரூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். சொந்த ஊரைச் சொல்ல "ஐ ஆம் ஃப்ரம் திருவாரூர்". அறிமுகம் செய்துகொள்ளும்போது "மைசெல்ஃப் முருகன்" வேண்டாம். "ஐ ஆம் முருகன்" என்றால் முடிந்தது.

ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றும் 'கேள்'தானே? எதை எங்கே போடுவது?

தமிழில் 'கேள்' ஒற்றை ஆளாக நின்று பல வேலை பார்க்கிறது. வழி கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், சத்தம் கேட்கிறது, கடன் கேட்கிறோம், பெரியவர் பேச்சைக் கேட்கிறோம். இங்கிலீஷ் இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

விடை வேண்டிக் கேட்டால் 'ஆஸ்க்'. பொருள் வேண்டிக் கேட்டால் 'ஆஸ்க் ஃபார்'. "ஹி ஆஸ்க்ட் மீ" என்றால் என்னிடம் கேட்டார், "ஹி ஆஸ்க்ட் ஃபார் மணி" என்றால் பணம் கேட்டார். சத்தம் தானாகக் காதில் விழுந்தால் 'ஹியர்', நாமே காதைக் கொடுத்தால் 'லிசன் டு'. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது கடைத்தெருவில் நடந்து போகிறீர்கள், ஒலிபெருக்கியில் பாட்டு வந்து விழுகிறது: "ஐ ஹேர்ட் தி மியூசிக்". பந்தலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் "ஐ லிசன்ட் டு தி மியூசிக்". 'லிசன்' பக்கத்தில் 'டு' கட்டாயம். பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறோம்.

'பார்' என்பதும் இப்படியே. கண்ணில் பட்டால் 'சீ', திரும்பிப் பார்த்தால் 'லுக் அட்', நடப்பதைத் தொடர்ந்து பார்த்தால் 'வாட்ச்'. கிரிக்கெட்டை 'வாட்ச்', சுவரில் இருக்கும் ஓவியத்தை 'லுக் அட்'.

'சொல்' என்பதற்கு 'செட்', 'டோல்ட்' இரண்டு. 'டோல்ட்' வந்தால் பின்னாலேயே ஆள் வரவேண்டும்: "ஹி டோல்ட் மீ". ஆள் இல்லாவிட்டால் "ஹி செட்". "ஹி டோல்ட் தட்" என்று நிறுத்தக்கூடாது.

லைட்டைப் போடு என்பதற்கு "புட் தி லைட்" சொல்லலாமா?

கூடாது. 'போடு'வை அப்படியே 'புட்' ஆக்கினால் பாதி இடங்களில் மாட்டிக்கொள்வோம். ஃபேன் போட்டால் 'டர்ன் ஆன் தி ஃபேன்'. டீ போட்டால் 'மேக் டீ'. கையெழுத்துப் போட்டால் 'சைன்', சண்டை போட்டால் 'ஃபைட்', கோலம் போட்டால் 'ட்ரா எ கோலம்', பந்தல் போட்டால் 'புட் அப் எ பந்தல்'. சட்டைக்கு இரண்டு உண்டு: எடுத்துப் போடும் செயல் 'புட் ஆன்', போட்டிருக்கும் நிலை 'வேர்'. அப்புறம், வயலுக்கு உரம் போடுவது 'அப்ளை ஃபெர்டிலைசர்'.

இதற்கு விதி கிடையாது. தமிழில் 'போடு' வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, உண்மையில் நடக்கும் வேலை என்ன என்று யோசிக்கப் பழகுங்கள். ஓடவைக்கிறோமா, தயாரிக்கிறோமா, வரைகிறோமா? அதற்கான சொல்லைத் தேடுங்கள்.

"டிட்ன்ட் யூ ஈட்?" என்று கேட்டால் யெஸ்ஸா, நோவா?

நேர்முகத் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது இதுதான். "சாப்பிடலையா?" என்றால் நாம் "ஆமா, சாப்பிடலை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதால் அந்த 'ஆமா'. இங்கிலீஷ் கேள்வியைப் பார்ப்பதில்லை, உங்கள் பதிலை மட்டும் பார்க்கிறது. பதிலில் 'நாட்' வந்தால் முன்னால் 'நோ', வராவிட்டால் 'யெஸ்'. சாப்பிடவில்லை என்றால் "நோ, ஐ டிட்ன்ட்". சாப்பிட்டாயிற்று என்றால் "யெஸ், ஐ டிட்".

"யூ டோன்ட் ஹேவ் எ லைசென்ஸ்?" என்று ஒருவர் கேட்கிறார், உங்களிடம் இல்லை. நம் பழக்கத்தில் "யெஸ்" என்று தலையாட்டினால், இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: "ஐ டோன்ட் ஹேவ் எ லைசென்ஸ்." அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அப்பாவை 'ஹி' என்று சொல்ல மனம் வரவில்லை. 'தே' போடலாமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. "அப்பா வந்தாங்க" என்று பேசிப் பழகியவருக்கு 'ஹி' என்பது 'அவன்' மாதிரி உறுத்தும். அதனால் "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், தே ஆர் ஃபிஃப்டி இயர்ஸ் ஓல்ட்" என்று வந்துவிடுகிறது. கேட்பவர் எத்தனை பேர் என்று குழம்புவார். 'ஹி' என்பது அவனும் இல்லை, அவரும் இல்லை. ஆண், ஒருவர், அவ்வளவுதான். நாட்டின் குடியரசுத் தலைவரும் 'ஹி' அல்லது 'ஷி'தான். தயங்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் இங்கிலீஷில் மரியாதையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். தமிழில் "ஒரு ஃபார்ம் குடுங்க" என்றால் அந்த '-ங்க' மரியாதையைச் சுமந்துகொண்டு போகிறது. அதை "கிவ் மீ ஒன் ஃபார்ம்" என்று மாற்றும்போது '-ங்க' வழியிலேயே விழுந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் காதில் அது "ஒரு ஃபார்ம் குடு" என்று விழுகிறது. நாம் பணிவாகக் கேட்டதாக நினைக்கிறோம், அவர் முகம் ஏன் மாறியது என்று புரியாது. "குட் ஐ ஹேவ் எ ஃபார்ம், ப்ளீஸ்?" என்று கேள்வியாக மாற்றுங்கள். "கேன் யூ", "குட் யூ", "மே ஐ", கடைசியில் "ப்ளீஸ்", வாங்கிக்கொண்டதும் "தேங்க் யூ": இவையெல்லாம் சேர்ந்துதான் நம் '-ங்க'.

கடைக்காரரிடம் தமிழில் நன்றி சொன்னால் அவரே ஒரு மாதிரி பார்ப்பார், உண்மைதான். இங்கிலீஷில் சொல்லாவிட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எ, ஆன், தி மூன்றையும் எப்படி நினைவில் வைப்பது?

எ, ஆன் இரண்டையும் முடிவு செய்வது எழுத்து இல்லை, ஒலி. உயிர் ஒலியில் தொடங்கினால் 'ஆன்'. நெல் கொண்டுபோய்ப் போடும் நேரடிக் கொள்முதல் நிலையத்தை டிபிசி என்கிறோமே, அது 'எ டிபிசி'. ஆனால் 'ஆன் எஃப்சிஐ குடோன்', 'ஆன் எம்எல்ஏ', 'ஆன் எல்ஐசி ஏஜென்ட்'. எழுத்து மெய்யாக இருந்தாலும் வாயைத் திறந்ததும் வருவது 'எ' என்ற உயிர். மணியைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து ஊமை, அதனால் 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' எழுத்தில் உயிர், ஒலியில் 'யு', அதனால் 'எ யூனிவர்சிட்டி'.

'தி' எப்போது வரும் என்பதற்குப் பாட்டி கதையை நினைத்துக்கொள்ளுங்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு..." முதல் முறை 'ஒரு', அது 'எ'. அடுத்த முறை 'அந்த', அது 'தி'. யாரைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரிந்துவிட்டது அல்லவா?

ஆனால் "அப்பா விவசாயி" என்பதில் நாம் 'ஒரு' போடுவதில்லை. இங்கிலீஷ் அங்கே 'எ' கேட்கும்: "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்". தொழில் வரும் இடத்தில் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான்.

ஊர்ப் பெயருக்கு 'தி' கிடையாது, ஆற்றுப் பெயருக்கு உண்டு. தஞ்சாவூர் வெறும் தஞ்சாவூர். ஆனால் 'தி காவேரி', 'தி வெண்ணாறு', 'தி கொள்ளிடம்'. கடலுக்கும் அப்படியே, 'தி பே ஆஃப் பெங்கால்'.

இங்கிலீஷில் காவிரிக்கு இரண்டு ஸ்பெல்லிங் இருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரி. 'சி'யில் தொடங்குவது வெள்ளைக்காரர் காலத்து எழுத்து. 2018-இல் அமைத்த காவிரி மேலாண்மை ஆணையத்தின் பெயரில்கூட அதுதான் இருக்கிறது. 'கே'யில் தொடங்குவது நம் ஒலிக்குப் பக்கமானது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

'சின்ஸ்', 'ஃபார்' எப்போதும் குழப்புகிறது.

தமிழில் இந்த வேறுபாடு அழகாக இருக்கிறது, கவனிக்கத்தான் இல்லை. "ரெண்டு வருஷமா" என்பது 'ஃபார்', "2022-லேருந்து" என்பது 'சின்ஸ்'. நீளத்தைச் சொன்னால் ஃபார், தொடங்கிய இடத்தைச் சொன்னால் சின்ஸ். 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பது 'ரெண்டு வருஷத்துலேருந்து' என்று தமிழில் குழப்பிச் சொல்வதன் நேர் நகல்.

அடுத்த சிக்கல் வினைச்சொல்லில். "ரெண்டு வருஷமா இங்கே வேலை பாக்குறேன்" என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்கிறது. இங்கிலீஷ் அங்கே 'ஹேவ் பீன்' கேட்கும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்".

'ஹேவ்' பற்றி இன்னொன்று. நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்த நேரம் வாக்கியத்தில் வந்தால் 'ஹேவ்' வராது. "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" தப்பு. "ஐ சா ஹிம் யெஸ்டர்டே". "ஐ ஹேட் கான் டு தஞ்சாவூர் யெஸ்டர்டே" என்று 'ஹேட்' போட்டால் கௌரவமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. 'ஹேட்' வேண்டுமானால் அதற்குப் பின்னால் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும்: நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் போயிருந்தது, "தி பஸ் ஹேட் லெஃப்ட் பிஃபோர் ஐ அரைவ்ட்".

"ஐ டிட் நாட் வென்ட்" ஏன் தப்பு? இறந்தகாலம்தானே?

'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைக் காட்டிவிட்டது. இன்னொரு முறை வேண்டாம். "டிட் நாட் கோ".

ஹி கோஸ், ஷி கம்ஸ் என்று 'ஸ்' சேர்ப்பது மறந்துபோகிறது.

வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறோம், வருகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பிசகாமல் பேசுகிறவர்கள் நாம். இங்கிலீஷில் நினைவில் வைக்க வேண்டியது அந்த ஒரே ஒரு 'ஸ்'தான். ஹி, ஷி, இட் வந்தால் மட்டும். அதுவும் 'டஸ்' வந்துவிட்டால் வேண்டாம்: "ஷி டஸ்ன்ட் கம்".

இன், ஆன், அட்?

தமிழில் மூன்றும் '-இல்'தான், அதனால் தடுமாறுவது இயல்பு. நேரத்துக்கு எளிது: கடிகார நேரத்துக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்'. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. நாளைச் சொன்னால் 'ஆன் ஜூன் 12', மாதத்தை மட்டும் சொன்னால் 'இன் ஜூன்'. காலைக்கு 'இன் தி மார்னிங்', ராத்திரிக்கு மட்டும் 'அட் நைட்'. அது ஏன் என்று கேட்காதீர்கள், அப்படித்தான்.

இடத்துக்கு: ஊருக்குள் 'இன் கும்பகோணம்', ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட் தி பஸ் ஸ்டாண்ட்'. வண்டிக்கு ஒரு கணக்கு உண்டு. உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்', முடியாவிட்டால் 'இன்'. பஸ், ரயில், விமானம் 'ஆன்'. கார், ஆட்டோ 'இன்'. கூட்ட நேரத்துப் பஸ்ஸில் எங்கே நடப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

'தான்' என்பதற்கு 'ஒன்லி' போடலாமா?

"ஹி ஒன்லி டோல்ட் மீ" என்று நாம் சொல்வது 'அவர்தான் சொன்னார்' என்ற பொருளில். இங்கிலீஷ்காரர் புரிந்துகொள்வது 'சொல்ல மட்டும் செய்தார், வேறொன்றும் செய்யவில்லை' என்று. 'மட்டும்' என்ற இடத்தில்தான் 'ஒன்லி'. 'தான்' வேண்டுமானால் குரலை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "ஹி வாஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ". "ஐ ஆம் ஹியர் ஒன்லி" என்பதில் ஒன்லி தேவையே இல்லை.

நெல், அரிசி, சோறு எல்லாமே 'ரைஸ்'தானா?

நெல்லுக்குத் தனிச்சொல் உண்டு. வயலில் நிற்பதும் உமியோடு மூட்டையில் இருப்பதும் 'பேடி'. மலாய் மொழியிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொல் அது. நாற்றுக்கு 'சீட்லிங்'. உமி நீக்கியதும் 'ரைஸ்', வேகவைத்தாலும் 'ரைஸ்'. வேறுபடுத்த வேண்டுமானால் 'குக்ட் ரைஸ்'. குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் எந்த மாதப் பயிர் என்று விளக்குங்கள்.

இங்கே ஓர் இலக்கணமும் இருக்கிறது. ரைஸ், வாட்டர் போன்றவற்றை எண்ண முடியாது, அதனால் பன்மை இல்லை. 'டூ பேக்ஸ் ஆஃப் ரைஸ்' என்று மூட்டையைத்தான் எண்ண வேண்டும். இதுவரை சரி. ஆனால் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவற்றையும் இங்கிலீஷ் இந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக்கூடாது. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எத்தனை கடைப் பலகையில் பார்த்தாலும் சரி, நீங்கள் எழுதாதீர்கள்.

"டிஸ்கஸ் அபவுட்" தப்பா?

ஆமாம். 'டிஸ்கஸ்' என்றாலே அதைப் பற்றிப் பேசுவதுதான். "ரிட்டர்ன் பேக்", "ரிப்ளை பேக்" இரண்டிலும் 'பேக்' வேண்டாம். "மேரீட் வித்" இல்லை, "மேரீட் டு". "எக்ஸ்பிளெய்ன் மீ" இல்லை, "எக்ஸ்பிளெய்ன் டு மீ". "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" இல்லை, பலரில் ஒருவர் என்பதால் "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்". "டுடே மார்னிங்" இல்லை, "திஸ் மார்னிங்". "யெஸ்டர்டே நைட்" இல்லை, "லாஸ்ட் நைட்".

"ஐ ஹேவ் எ டவுட்", "ப்ரீபோன்", "கசின் பிரதர்" எல்லாம் தப்பு என்கிறார்களே?

தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இவை இந்திய இங்கிலீஷ். சென்னையிலோ டெல்லியிலோ யாருக்கும் புரியும். 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. வெளிநாட்டவரிடம் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். அங்கே 'டவுட்' என்றால் நம்பவில்லை என்ற வாடை அடிக்கும். ஆசிரியர் பாடம் நடத்தி முடித்ததும் "ஐ ஹேவ் எ டவுட்" என்றால், அவர் சொன்னதையே சந்தேகிப்பது போல ஆகிவிடும். "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்" என்று கேளுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதற்கு 'அவுட் ஆஃப் டவுன்'. சித்தப்பா மகனும் மாமன் மகனும் அவர்களுக்கு வெறும் 'கசின்'. சகலையைக் குறிக்கும் 'கோ-பிரதர்' என்பதற்கு அவர்களிடம் தனிச்சொல் இல்லை, 'பிரதர்-இன்-லா'வில் அதுவும் அடங்கும். எந்த உறவு என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் "மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்" என்று நீட்டி முழக்க வேண்டியதுதான்.

நம் ஊர்ச் சொல் ஏதாவது இங்கிலீஷுக்குப் போயிருக்கிறதா?

நிறைய. டெல்டாவுக்கே உரியது 'அனிகட்', அதாவது நம் அணைக்கட்டு. கல்லணை அவர்களுக்கு 'தி கிராண்ட் அனிகட்'. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய இரண்டும் மேல், கீழ் 'அனிகட்'. மேல் அனிகட் முக்கொம்பில், கீழ் அனிகட் அணைக்கரையில். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, ஆனால் இப்போது இங்கிலீஷில் அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது, நாகப்பட்டினத்துக் கட்டுமரத்தை அல்ல. சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது.

தமிழ் வாடையோடு பேசினால் கேலி செய்வார்களோ?

வலங்கைமானில் 1869-இல் பிறந்து கும்பகோணத்தில் படித்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. இங்கிலீஷ் பேச்சுக்காகவே 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று பெயர் வாங்கி, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா வரை போய்ப் பேசியவர். வலங்கைமான் ஒன்றும் லண்டனுக்குப் பக்கத்தில் இல்லை.

வாடையைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் தெளிவைப் பற்றிக் கவலைப்படுங்கள். 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்று முன்னால் 'இ' சேர்ப்பதை விடுங்கள். 'ஃப' வரும் இடத்தில் 'ப' போட்டால் 'ஃபேன்' 'பேன்' ஆகி, தலையில் ஏறிவிடும். வேகத்தைக் குறையுங்கள். நாம் தமிழில் பேசும் வேகத்தையே இங்கிலீஷிலும் பிடிப்பதுதான் உச்சரிப்பைவிடப் பெரிய தடை.

படிவத்தில் 'சர்நேம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது?

சர்நேம் என்பது குடும்பப் பெயர். நமக்கு அது இல்லை, இனிஷியல்தான் உண்டு. 'கிவன் நேம்' என்பது உங்களுக்கு வைத்த பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுதிவிட்டால், வெளிநாட்டில் உங்களை 'மிஸ்டர்' சேர்த்து உங்கள் அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். முக்கியமானது ஒன்று: பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, விமான டிக்கெட், விசா, வேலைப் படிவம் எல்லாவற்றிலும் அதே கட்டத்தில் அதே ஸ்பெல்லிங்கில் எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து வேறாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே சரிசெய்ய விண்ணப்பித்துவிடுங்கள்.